மூன்று ஊர்க் கொன்றை

ஐயா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதை மறைப்பானேன். “எங்கள் தெருக் கொன்றை மாசியிலேயே பூத்து ஓய்ந்துவிட்டது. ஊரில் எப்படியும் சித்திரையில்தானே பூக்கும். இங்கே வேலை நெருக்குகிறது, சித்திரை பிறந்ததும் வந்துவிடுகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘எப்படியும்’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நீயும் நானும் உன் அப்பாவும் இத்தனை வருஷமாக ஏமாந்துகொண்டிருக்கிறோம். அய்யனாருக்கு முதல் கொன்றைச் சரம் சார்த்துகிற முறை இந்த வருஷம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன் அப்பா கையால் சார்த்த வேண்டும், பக்கத்தில் நீ நிற்க வேண்டும். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது வாழ்நாளில் இது ஒன்றுதான். நீ வர வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் எனக்குச் சுருக்கமாக எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

உன் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவள் கும்பகோணத்துப் பக்கத்துப் பெண், ஆற்றுப் பாய்ச்சலில் வளர்ந்தவள். நம் வறண்ட சீமையின் வழக்கமெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை, “பூ பூக்கிறதுக்கெல்லாமா அத்தை லீவு போடுவாங்க?” என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ கொட்டாவி விடாதே.

நம் பங்காளிகளின் அய்யனார் திருப்பத்தூரைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறார். கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சின்னக் கட்டடமும், அதன் தலைக்கு மேல் ஒரு பழைய சரக்கொன்றையும்தான். மற்ற கோயில்களில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பார்கள், நம் அய்யனாருக்கு மரம்தான் நாள் குறிக்கிறது. கொன்றை பூத்தால் படைப்பு. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை சுற்றி வரும். யார் முறையோ அவர் போய் மரத்தடியில் நின்று, தன் கண்ணால் பார்த்து, “பூத்துருச்சு” என்று சொல்ல வேண்டும். வேறு யார் பார்த்துச் சொன்னாலும் அது செல்லாது. அவர் முதல் சரத்தை ஒடித்துச் சார்த்திய பிறகுதான் மற்ற வீட்டார் ஒரு கொத்தைத் தொடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். முறைக்காரருக்கு முடியவில்லை என்றால் அவர் மகன் வந்து பார்த்துச் சொல்லலாம். மகனும் இல்லை என்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போனால் போனதுதான், எல்லா வீட்டையும் சுற்றிக்கொண்டு மறுபடி நம் வாசலுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். போன தடவை நம் முறை வந்தபோது நீ அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு உன் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தாயாம். நான் அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தலைப்பிரசவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கொன்றைக் கொத்தை எடுத்து நீட்டினாய். பாதி இதழ் பஸ்ஸிலேயே உதிர்ந்துபோயிருந்தது. மீதியை நான் சாமி படத்துக்கு வைத்தேன். அந்தப் படைப்பைக் கண்ணால் பார்க்காத குறை எனக்கும் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் இருந்தவரை நம் வீட்டில் இரண்டு பேர் பிழைப்பும் நேரத்தோடுதான். உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால் வண்டி கிளம்பியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் நிற்காது. நான் முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் மிட்வைஃப், என் வேலையில் எந்த விசிலும் செல்லாது. “உங்க டிப்பார்ட்மெண்டுல எதுவுமே டயத்துக்கு வாரதில்லை” என்று அவர் கேலி செய்வார். “உங்க பஸ்ஸுல ஏறுற ஆளுகளை எல்லாம் உலகத்துல இறக்கிவிட்டதே நாங்கதான், தெரிஞ்சுக்குங்க” என்று நான் திருப்புவேன். இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கொன்றைமரம். அந்தக் காலத்தில் சித்திரை பிறந்து வெயில் உறைக்க ஆரம்பித்ததும் அது பூக்கும். அது பூத்த வாரமே கண்மாய்க்கரை மரமும் பூத்துவிடும். அதனால் டவுனில் குடியிருந்த பங்காளிகள் எல்லாரும் ஆஸ்பத்திரி மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் போல வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற ஆட்களைக் கண்டு புது நர்ஸுகள் விழிப்பார்கள்.

இந்தி எதிர்ப்புக் கலவரம் அடங்கின அடுத்த வருஷம், பிளான் வரைகிற கம்பெனியில் வேலை கிடைத்து நீ மதராஸுக்கு ரயில் ஏறினாய். நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு பொங்கலுக்கு வா, தீபாவளிக்கு வா என்றெல்லாம் சொல்லவில்லை. தீபாவளியன்று எனக்கே டியூட்டியா இல்லையா என்று தெரியாது, உன்னை மட்டும் எந்த வாயால் கூப்பிடுவது? நீதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கொன்றை பூத்ததும் வந்துருவேம்மா” என்றாய். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போயிற்று. லீவு கிடைக்கிறதோ இல்லையோ, மரம் பூக்காமல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதெல்லாம் அந்த மரத்தைப் பார்ப்பேன். காய் தொங்கும், இலை உதிரும், மறுபடி துளிர்க்கும். துளிர்த்தால் எனக்கு மகன் வரப்போகிறான் என்று கணக்கு.

அப்போது நாம் மூன்று பேரும் செய்த தப்பு ஒன்று உண்டு. எந்த ஊர்க் கொன்றை என்று யாரும் சொல்லவில்லை. மறு வருஷம் பங்குனி ஆரம்பத்திலேயே ஒரு காலையில் பெட்டியும் கையுமாக நீ வாசலில் வந்து நின்றாய். உன் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகச் சோப்போடு எழுந்து வந்தார்.

“என்னய்யா, திடுதிப்புனு?”

“கொன்றை பூத்துருச்சுல்லப்பா?”

“எங்கய்யா பூத்துச்சு?”

“எங்க தெருவுல, தலையெல்லாம் மஞ்சளா நிக்குது. இங்க பூக்கலையா?”

நீ நம்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ப் பார்த்தாய். மரம் காய்ந்த காயைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றது. நாம் எல்லாரும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டு ஹாஜியார் எட்டிப் பார்த்து விசாரிக்கும்படி ஆயிற்று. லீவு தீர்ந்து நீ ரயிலேறிப் போனாய். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், வார்டு ஜன்னலில் துணி உலர்த்தப் போனவள் நிமிர்ந்து பார்த்தேன், மரம் முழுக்கப் பூ. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இல்லாமல் அது பூத்ததை ஏதோ எனக்குச் செய்த துரோகம் போல எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தேன். வார்டில் புழுங்குகிறது என்று பெரிய டாக்டரம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.

அதற்கப்புறம்தான் தந்தி வந்தது. நீ தந்தி என்றாலே இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பாய், ஆனாலும் உன் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு வருஷம் லீவு கிடைக்காமல் போனது. அப்புறம் ஒரு வருஷம், உன் தெரு மரத்தை நம்பாதே, ஆஸ்பத்திரி மரம் பூத்ததும் நாங்கள் தந்தி அடிக்கிறோம், அதன்பிறகு கிளம்பு என்று ஏற்பாடு செய்தோம். பூத்தது. உன் அப்பா தந்தி ஆபீஸுக்குப் போனார். கொன்றைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம். எதற்கு வம்பு, அவனுக்குத்தான் விஷயம் தெரியுமே என்று ‘உடனே புறப்படு’ என்பதை மட்டும் அடித்துவிட்டு வந்துவிட்டார். யார் போய்விட்டார்களோ என்று தெரியாமல் நீ ராத்திரியெல்லாம் ரயிலில் அழுதுகொண்டு வந்து சேர்ந்தாய். அப்பா குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய், அடுத்த நிமிஷமே, “அறிவிருக்காப்பா உங்களுக்கு?” என்று கத்தினாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், என்னிடம் மட்டும், “எனக்குன்னா இப்படி ஓடிவருவான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றார். அவருக்கு அன்று வாங்கின திட்டு கொஞ்சம்கூட உறைக்கவில்லை.

அவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு நாம் மூன்று பேரும் கோயிலுக்குப் போனால், கண்மாய்க்கரை மரத்தில் ஒரு பூ இல்லை. மொட்டுக்கூட இல்லை. அந்த வருஷம் முறைக்காரர் உன் முத்துக்கருப்பன் சித்தப்பா. அவர் அப்பாவைப் பார்த்து, “என்னண்ணே, டைம் கீப்பர் நீங்களே இப்படி முந்திக்கிட்டு வாரீக?” என்று சிரித்தார். டவுன் மரம் கண்மாய்க்கரை மரத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓட ஆரம்பித்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. நீ லீவு முடியும்வரை காத்திருந்து பார்த்தாய், அது பூக்கவே இல்லை.

அந்தக் காத்திருந்த நாள்களை நான் மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட வந்தவன், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

“அம்மா, இந்தச் செவத்தைத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். காய்ச்சல்காரன் முதுகு போலச் சுட்டது.

“வெயில் போயி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் ஆறலை பாரு. தாரு ரோடு, சிமெண்டு, தகரக் கொட்டகை, எல்லாம் பகல் பூரா சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி கக்குது. மதராஸ்ல இதைவிட மோசம், விடியக்காலைலகூடச் செவரு குளுராது. மரத்துக்கு மாசம் தெரியுமாம்மா? சூடு தெரியும். சித்திரைச் சூடு வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் பூத்துருது.”

நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால் எல்லாம் என் கண்ணெதிரில் நடந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஊருணியைத் தூர்த்து பஸ் நிற்க இடம் செய்தார்கள். பக்கத்தில் சினிமா கொட்டகை வந்தது, அப்புறம் லாரி ஷெட், அப்புறம் ரைஸ்மில். செம்மண் பாதையாக இருந்தபோது சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை வரும், தார் போட்ட பிறகு தெளித்தால் ஆவிதான் வந்தது. ஊர் வளர்கிறது என்று உன் அப்பாவுக்குப் பெருமை, அவர் பஸ்ஸுகளும் கூடிக்கொண்டே போயின. எனக்கும் பெருமைதான். நடுச்சாமத்தில் வலி எடுத்தவளை மாட்டு வண்டியில் போட்டு உலுக்கிக்கொண்டு வந்த காலம் போய், காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த ரோட்டால் பிழைத்த உயிர்களை நான் என் கையால் ஏந்தியிருக்கிறேன், அதனால் ரோட்டைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் மரத்தின் கழுத்துவரை சிமெண்டைப் பூச வந்த மேஸ்திரியை மட்டும் விடவில்லை. “ஏன்யா, ஒன் கழுத்துவரைக்கும் பூசிவிட்டா நீ மூச்சு விடுவியா?” என்று சண்டை பிடித்து, தூரைச் சுற்றி ஒரு வண்டிச் சக்கர அளவு மண்ணையாவது விட வைத்தேன். துணி அலசிய தண்ணீரைத் தினமும் அதில்தான் ஊற்றச் சொல்வேன்.

மாசம் ஆகாமல் பிறந்த குழந்தையைப் பார்க்கிறவர்களுக்கு அது அழகாகத்தான் தெரியும். சின்ன விரல், சின்ன நகம். எங்களுக்குத்தான் அது பிழைக்குமா என்ற பயம். மாசியிலேயே மஞ்சளாக நிற்கிற கொன்றையைப் பற்றி நீ எழுதும்போதும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. அழகு என்று எழுதுகிறாய், எனக்கு அதைத் தூக்கித் துணியில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நீ நாளைக்குச் சொந்தமாக ஒரு வீடு கட்டுவாய். மற்றவர்களுக்கு எத்தனையோ வீடு வரைந்து கொடுத்திருக்கிறாய், உன் வீட்டுக்கு வரையும்போது அம்மா சொன்னாள் என்று வாசலில் கொஞ்சம் மண்ணை மண்ணாக விட்டுவை. பெண்டாட்டி பெருக்கச் சிரமம் என்று சொல்லுவாள், பெருக்குவதை நீ செய். இன்னொன்றும் சொல்கிறேன். லீவைச் சேர்த்துச் சேர்த்து வைக்காதே. எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினபோது எடுக்காத லீவு எவ்வளவோ கிடந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ சின்னவனாக என் முந்தானையைப் பிடித்து இழுத்த ஒரு காலையைக்கூட அந்த லீவைக் கொடுத்துத் திரும்ப வாங்க முடியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஐயா. தினமும் இருக்கிறது. சமைக்கும்போது மூன்று பேருக்கு அரிசி களைந்துவிட்டு, அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்துத் திரும்பக் கொட்டுகிறேன், அப்படி இருக்கிறது.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கண்ணைப் பற்றி நான் எழுதினதெல்லாம் பாதிதான். புரை இரண்டு கண்ணிலும் இறங்கியிருக்கிறது. நன்றாக முற்றட்டும், அப்புறம் அறுக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் நிற்கிறது நானா ஹாஜியார் வீட்டம்மாவா என்று அவருக்குக் குரல் கொடுத்தால்தான் தெரியும். ஆனாலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், மத்தியானம் ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்துகொள்கிறார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இது பள்ளத்தூர் வண்டி, இது தேவகோட்டை வண்டி என்று சொல்கிறாராம். புதுப் பையன்கள் ஒரு டீயைப் பந்தயம் கட்டித் தோற்கிறார்களாம். காதால் பஸ்ஸைப் பார்க்கலாம், கொன்றையைப் பார்க்க முடியுமா? அதற்கு மகன் வேண்டும். தை பிறந்ததிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். “அவன் வந்து பாத்துச் சொல்லட்டும், நான் கையால சாத்துறேன். ஆளுக்குப் பாதி” என்பார். அடுத்த முறை வரும்போது அவர் இருக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சித்திரைதானே என்று அவரும் உன்னைப் போலவே நிம்மதியாகத்தான் இருந்தார். ஆஸ்பத்திரி மரம் பங்குனி பாதியில் பூத்தபோதுகூட, “அது கிடக்கு, டவுன் மரம். அதுக்கு அவசரம்” என்றார். கண்மாய்க்கரை மரம் மட்டும் எந்தக் காலத்திலும் பொய் சொல்லாது என்று நாம் எல்லாரும் இருந்தோம். உன் கடிதம் வந்த அதே முந்தாநாள் காலையில் முத்துக்கருப்பன் சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“மதினி, அண்ணன் எங்க? மரம் பூத்துருச்சு.”

“எந்த மரம்?”

“என்ன மதினி கேக்குறீக? நம்ம அய்யனார் மரம்தான். கீழ்க்கொப்பெல்லாம் பூத்து உதுர ஆரம்பிச்சிருச்சு. போன வருசம் கரை மேல தாரு போட்டாகள்ல, அங்குட்டுச் செங்கச் சூளை வேற வச்சிருக்காக, கண்மாயிலயும் தண்ணியில்ல. எனக்கு நினைவு தெரிஞ்சு பங்குனில பூத்ததில்லை. பங்காளிக கேக்குறாக, அண்ணன் என்னைக்கு வாராகன்னு.”

ஒரு கையில் சித்திரையில் வருகிறேன் என்கிற உன் கடிதம், வாசலில் பூத்துவிட்டது என்று வந்து நிற்கிற ஆள். உன் அப்பா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். நான் சித்தப்பாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காபியைக் கையில் கொடுத்து, “அவுககிட்ட இப்பச் சொல்லாதீக. எம் மகன் வரட்டும். ஒரு வாரம் பொறுத்துக்குங்க” என்று கெஞ்சினேன். “மரம் பொறுக்கணுமே மதினி” என்றார் அவர். காபியைக் குடித்துவிட்டு அப்பாவைப் பார்க்காமலே போய்விட்டார். குளித்து வந்தவர் ஈரத்தலையோடு கேட்டார்.

“யாரு வந்தது, முத்துக்கருப்பன் குரல் மாதிரி இருந்துச்சு?”

“ஆமா. சும்மா இங்குட்டு வந்தவரு எட்டிப் பாத்துட்டுப் போறாரு.”

“மரம் எப்படி இருக்காம்?”

“மொட்டே விடலையாம். சித்திரை பிறக்கணுமாம்.”

நேற்றும் கேட்டார், அதையே சொன்னேன். கட்டிக்கொண்ட நாள் முதல் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், கண் தெரியாத மனுஷனிடம் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் உடனே கிளம்பிப் போக வேண்டும். நீ இல்லாமல் போனால் பார்த்துச் சொல்ல ஆளில்லை, முறை கைமாறிப் போய்விடும். அவர் அதையும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருவார். அந்த முகத்தை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்க்கமாட்டேன்.

இவ்வளவும் நேற்று எழுதினது. தந்தி அடித்தால் நீ பயப்படுவாய், தபாலில் போட்டால் தாமதம். ஹாஜியார் மகன் ஜமால் இன்று சாயங்கால ரயிலுக்கு மதராஸ் வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். இன்று காலையில் நடந்ததை எழுதாமல் ஒட்ட மனம் வரவில்லை.

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைத் தடவி வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

“என்ன, பூத்துருச்சா?”

“இன்னும் இல்லை.”

“அப்படியே சொல்லிக்கிட்டிரு” என்றார். ஒரு வாய் குடித்தார். “முத்துக்கருப்பன் அன்னைக்கு மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டான். மதினி சொல்லக்கூடாதுன்னாக, எனக்கு மனசு கேக்கலைண்ணேன்னான்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரசவ வார்டில் எத்தனையோ அழுகையைக் கேட்டு மரத்துப்போன நான், அவர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

“தெரிஞ்சுக்கிட்டா தினமும் என்னைக் கேட்டீக?”

“நீ சொல்றதைக் கேக்கத்தான். நீ இல்லைன்னு சொல்றப்ப எனக்கே நம்பணும்போல இருந்துச்சு.”

“பங்காளிக என்ன சொல்லுறாகளாம்?”

“என்ன சொல்லுவாக? முறை என்னுது. என் கண்ணுல படாம பூத்ததாகாது. எனக்குக் கண்ணு தெரியலை, என் மகன் வந்து பாக்கணும், அதுவரைக்கும் அது பூக்கலை, போய்ச் சொல்லுன்னு அனுப்பிட்டேன். அடிமரமெல்லாம் உதிர்ந்தாலும் நுனிக்கொப்புல ஒரு கொத்தாவது நிக்கும். அவனுக்கு எழுதுறியா?”

“எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அவசரம்னு எழுதாத, பயந்துருவான். பூத்துருச்சுன்னும் எழுதாத. முறைகாரன் சொல்லாம நீ எப்படி எழுதலாம்?”

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மரத்தடி முழுக்க மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறதாம், அதைப் பெருக்கக்கூட விடாமல், மிதிக்காமல் பங்காளிகள் சுற்றிப் போகிறார்களாம். இங்கே கொன்றை இன்னும் பூக்கவில்லை, ஐயா. நீ வந்து பார்த்துச் சொல்.

உன் அம்மா